சக்கரத்துக்குக் கீழே மின்சாரம்: டெட்ராய்ட் முதல் லாஃபயெட் வரை

மார்ச் 11, புதன். கார்க்டவுன், டெட்ராய்ட்

பதினான்காவது தெருவில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. கறுப்புத் தார், ஓரத்தில் அழுக்கேறிக் கரைந்துகொண்டிருக்கும் பனி, தள்ளித் தள்ளிச் செங்கல் கட்டடங்கள். ஆனால் அமெரிக்காவில் பொதுமக்கள் போய்வரும் தெருக்களில், ஓடும் வண்டிக்கு வயர் இல்லாமல் மின்சாரம் கொடுக்கும் முதல் தெரு இதுதான். 2023 நவம்பர் இறுதியில் திறந்து வைத்தார்கள். நீளம் கால் மைல், நம் கணக்கில் 400 மீட்டர். தாருக்கு அடியில் செம்புச் சுருள்களை வரிசையாகப் புதைத்திருக்கிறார்கள். வயிற்றுப் பக்கம், மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் ரிசீவர் பொருத்திய வண்டி மேலே வரும்போது அந்தச் சுருளுக்கு மட்டும் மின்சாரம் பாயும். வண்டி தாண்டியதும் நின்றுவிடும். குறுக்கே நடப்பவருக்கும் ஒன்றும் இல்லை, ரிசீவர் இல்லாத காருக்கும் ஒன்றும் இல்லை.

தம்பியின் காரில் ரிசீவர் இல்லை. மின்சாரக் கார்தான், இருந்தும் பயனில்லை. கடைகளில் விற்கும் கார்களில் பொதுவாக அது வருவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் அந்தத் தெருவைக் கடந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை. "இன்னொரு முறை போடா" என்றேன். திரும்பிப் போனோம். மீட்டரில் இருந்த சதவீதம் அப்படியே இருந்தது.

மின்வாரியத்தில் டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இந்தத் தெருவின் மீது எனக்கு இருக்கும் ஆர்வம் சுற்றுலாப் பயணியின் ஆர்வம் இல்லை. டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருள்களுக்கும் பொதுவாக ஓர் இரும்பு அடுக்கு இருக்கும். ஒரு சுருளின் மின்சாரம் எழுப்பும் காந்தப் புலம், வழிதவறாமல் அதற்குள்ளேயே ஓடி மறு சுருளில் மின்சாரத்தை எழுப்பும். நல்ல டிரான்ஸ்பார்மர் என்றால் நூற்றுக்கு 98, 99 பங்கு மறுபக்கம் போய்ச் சேரும். சாலையில் அந்த வசதி கிடையாது. ஒரு சுருள் தரைக்குள், மற்றது வண்டியின் அடியில், நடுவே தாரும் ஒரு சாண் காற்றும். இந்த இடைவெளியைத் தாண்ட அதிர்வெண்ணை ஏற்றுகிறார்கள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அமெரிக்காவில் 60. வயர் இல்லாமல் கார்களுக்குச் சார்ஜ் ஏற்ற இங்கே வகுத்திருக்கும் தரம் விநாடிக்கு 85 ஆயிரம் சுற்று. கெப்பாசிட்டர்களைச் சேர்த்து இரண்டு பக்கத்தையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருகிறார்கள். கோட்பாடு பழையது, பிரான்சைச் சேர்ந்த ஹூட்டின், லெப்லான் என்ற இருவர் ஓடும் வண்டிக்கு இப்படி மின்சாரம் கொடுப்பதற்கு 1894இலேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். அந்த அதிர்வெண்ணில் பெரிய சக்தியைத் திறந்து மூடும் மின்னணுச் சாதனங்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கின்றன.

இன்று காலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கேன்டனில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து வரும் வழியில், விரைவுச்சாலையில் ஒரு குழியில் இறங்கி முன்பக்க டயர் கிழிந்துவிட்டது. மிச்சிகனில் மார்ச் மாதம் என்றால் குழிகளின் மாதமாம். பகலில் உருகும் பனி, தாரின் விரிசலுக்குள் இறங்குகிறது. இரவில் உறைந்து பருத்து, தாரைப் பிளந்துவிடுகிறது. மறுநாள் கனரக லாரி அதன்மேல் ஏறுகிறது. டயர் கடைக்காரர் அறுபது வயது இருக்கும் கறுப்பினப் பெரியவர். எனக்கு நாற்காலி போட்டு, கேட்காமலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். மார்ச்சில் ஞாயிற்றுக்கிழமைகூடக் கடையை மூட முடிவதில்லை என்றார். 214 டாலர். டயரைக் கழற்றிக்கொண்டே, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னதும், "அந்தத் தெருவை யார் தோண்டப் போகிறார்கள் என்று யோசித்தீர்களா?" என்று கேட்டார்.

என் வேலைக் காலத்தில் பாதி நேரம் இந்தக் கேள்வியோடுதான் போயிருக்கிறது. சாலைக்கு அடியில் மின்சாரக் கேபிள் போட்டவர்கள் நாங்கள். குடிநீர்க் குழாய்க்காரர்கள், தொலைபேசிக்காரர்கள், கழிவுநீர்க்காரர்கள் எல்லோரும் அதே இடத்தைத்தான் தோண்டுவார்கள். சாலைக்குள் ஒன்றைப் புதைப்பது ஒரு நாள் வேலை. புதைத்ததைக் காப்பாற்றுவது முப்பது வருட வேலை.

மதியம் சதுரப் பீட்சா. வாகனத் தொழிற்சாலையில் உதிரிபாகங்கள் வைக்கும் இரும்புத் தட்டில் சுட ஆரம்பித்ததால்தான் இந்த ஊர்ப் பீட்சா சதுரமாக இருக்கிறது என்கிறார்கள். ஓரம் கருகி மொறுமொறுவென்று, பாலாடைக்கு மேலே தக்காளிச் சாறு. 19 டாலருக்கு இரண்டு பேர் சாப்பிட்டு மிச்சம் கட்டிக்கொண்டு வந்தோம். பிறகு தெருக்கோடியில் இருக்கும் மிச்சிகன் சென்ட்ரல் நிலையத்துக்குள் போனோம். 1913இல் திறந்த ரயில் நிலையம். 1988இல் கடைசி ரயில் போன பிறகு முப்பது ஆண்டுகள் ஜன்னல் கண்ணாடிகூட இல்லாமல் நின்றது. 2018இல் ஃபோர்டு நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து 2024 ஜூனில் திறந்தது. காத்திருப்புக் கூடத்தின் வளைந்த கூரையைப் பார்த்து நின்றவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள். ஒரு பாட்டி, தன் அப்பா போர் முடிந்து இந்த வாசல் வழியாகத்தான் திரும்பி வந்தார் என்று என்னிடம் சொன்னார். முன்பின் தெரியாதவளிடம் அதைச் சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை.

மார்ச் 12, வியாழன். டியர்பார்ன்

தம்பி வேலைக்குப் போய்விட்டான். "வாங்க மதினி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் மனைவி ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு முப்பது டாலருக்கு மேல். எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தைப் பக்கத்து வளாகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க அந்த வளாகத்தை மூடிவிடுவார்களாம், ஏப்ரலில்தான் திறப்பார்கள். இவ்வளவு தூரம் வந்து அதைப் பார்க்க முடியாமல் போனது எனக்குப் பெரிய குறை.

அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது ஒரு கார். 1914ஆம் ஆண்டின் டெட்ராய்ட் எலெக்ட்ரிக். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டிய சொந்தக் கார். ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்றவரின் வீட்டில் மின்சாரக் கார். கையால் சுழற்றிக் கிளப்ப வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை. உயரமான கண்ணாடிகளும் மெத்தை இருக்கையுமாக, உட்கார்ந்து பேசிக்கொண்டு போக ஏற்ற வண்டி. அன்றைக்கு அந்த வகைக் கார்கள் தோற்றுப்போனதற்குச் சொல்லும் காரணங்களில், நகரத்தைத் தாண்டினால் சார்ஜ் ஏற்ற இடம் இல்லை என்பதும் ஒன்று. நூறு வருடம் கழித்தும் அந்தப் பேச்சு முடியவில்லை.

டெட்ராய்டுக்கு முதல் சாலை என்பது புதிதல்ல. உட்வர்டு அவென்யூவில் ஒரு மைல் தூரத்துக்கு 1909இல் கான்கிரீட் போட்டார்கள். நாட்டின் முதல் கான்கிரீட் மைல் என்று அதைச் சொல்வார்கள். பல ஊர்ப் பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரிலும் போட்டார்கள். அந்த ஒரு மைலுக்கும் பதினான்காவது தெருவின் கால் மைலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கான்கிரீட் போட்ட அன்றே எல்லா வண்டிக்கும் அது பயன்பட்டது, குதிரை வண்டிக்கும்கூட. இந்தச் சுருள்களோ, ரிசீவர் வைத்த வண்டிக்கு மட்டும். சாலை இல்லாமல் யாரும் ரிசீவர் வாங்க மாட்டார்கள். ரிசீவர் இல்லாத ஊரில் யாரும் சாலை போட மாட்டார்கள்.

இரவு உணவுக்கு டியர்பார்னில் ஒரு லெபனான் உணவகம். ரமலான் மாதம். ஏழு மணிக்கே எல்லா மேசையும் நிறைந்திருந்தது, ஆனால் ஒருவரும் சாப்பிடவில்லை. பருப்பு சூப் ஆவி பறக்க முன்னால் இருக்கிறது, குழந்தைகள்கூடக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நாங்களும் தொடவில்லை. பக்கத்து மேசைத் தாத்தா அதைக் கவனித்திருக்கிறார். ஏழே முக்காலுக்குச் சற்று முன் பாங்கு ஒலித்ததும், தன் தட்டிலிருந்த பேரீச்சம்பழங்களில் முதல் இரண்டை எங்களுக்கு நீட்டினார். அந்தப் பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். ஒரு கிண்ணம் ஆறு டாலர், வெளியே சுழற்றியடித்த குளிருக்கு அதைவிட நல்லது எதுவும் கிடைத்திருக்காது.

மார்ச் 13, வெள்ளி. நெடுஞ்சாலை 24

தம்பி மகள் இந்தியானாவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வசந்த விடுமுறைக்கு அவளை அழைத்துவர தம்பியும் நானும் கிளம்பினோம். சுமார் 430 கிலோமீட்டர். டொலிடோ வரை தெற்கே, பிறகு நெடுஞ்சாலை 24. டிஃபையன்ஸ், ஃபோர்ட் வேன், வாபாஷ், பெரு, லோகன்ஸ்போர்ட் என்று ஆற்றை ஒட்டியே போகும் வழி.

சுழியத்துக்குக் கீழே நான்கு டிகிரி. எதிர்க்காற்று. வீட்டில் 90 சதவீதத்தோடு கிளம்பிய பேட்டரி, டிஃபையன்ஸில் 34க்கு வந்துவிட்டது. 160 கிலோமீட்டருக்கு 42 யூனிட். வெயில் காலத்தில் இதே தூரத்துக்கு முப்பதுகூட ஆகாது என்றான் தம்பி. குளிரில் பேட்டரியும் சோம்பிப்போகும், காருக்குள் நமக்குச் சூடும் வேண்டும், இரண்டும் சேர்ந்து கணக்கைக் குலைக்கின்றன.

டிஃபையன்ஸில் ஒரு பெரிய கடையின் வாசலில் நான்கு சார்ஜர்கள். இரண்டின் திரை இருட்டாக இருந்தது. ஒன்றில் வேறொரு கார். நான்காவது, அட்டையை வாங்கிக்கொண்டு யோசித்து யோசித்துக் கடைசியில் மறுத்தது. உதவி எண்ணில் பேசிய பெண் மிகவும் பொறுமையாக மூன்று முறை இயந்திரத்தை அணைத்துப் போட்டாள், பலனில்லை. அந்த வெட்டவெளிக் காற்றில் விரல்கள் மரத்துப்போயின. அங்கே நின்றிருந்த மற்றொரு காரின் சொந்தக்காரர், ஆசிரியர் என்று நினைக்கிறேன், எங்களைத் தன் காருக்குள் உட்காரச் சொன்னார். அவருக்கே இன்னும் நாற்பது நிமிடம் ஆகும் என்பதால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

ஃபோர்ட் வேனுக்கு 72 கிலோமீட்டர். ஹீட்டரை அணைத்தோம். மணிக்கு 90க்கு மேல் போகவில்லை. பால்டிங் பகுதியில் வயல் முழுக்கக் காற்றாலைகள், அந்த எதிர்க்காற்றை வாங்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. கம்பளிக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு அவற்றைப் பார்த்தபோது, மின்சாரம் இல்லாதது எங்கள் பிரச்சினை அல்ல, அது வண்டிக்கு வந்து சேரும் கடைசி ஒரு மீட்டர்தான் பிரச்சினை என்று பட்டது. இணைப்புக் கேபிள், அட்டை, திரை, மென்பொருள், இவற்றில் ஒன்று கெட்டாலும் போச்சு. சாலைச் சுருளின் பெரிய வாக்குறுதி இங்கேதான் இருக்கிறது: தொடும் இடமே இல்லை. வளையும் கேபிள் இல்லை, பனியில் உறையும் பூட்டு இல்லை.

ஃபோர்ட் வேனில் 12 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தோம். லாரிகள் நிற்கும் பெரிய பங்க்கில் சார்ஜர் வேலை செய்தது. வரிசையில் 35 நிமிடம், பிறகு சார்ஜ் ஏற ஐம்பது நிமிடம். 55 யூனிட்டுக்கு 32 டாலர். வீட்டில் ஏற்றினால் இதில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும்.

காத்திருந்தபோது ஒரு பஞ்சாபி லாரி ஓட்டுநர் பேச்சுக் கொடுத்தார். இந்தப் பக்கத்து நெடுஞ்சாலைகளில் நிறையப் பஞ்சாபிகள் லாரி ஓட்டுகிறார்கள். தலைப்பாகை, வெள்ளைத் தாடி. நான் நடுங்குவதைப் பார்த்ததும், "பெஹன்ஜி, வண்டியில் டீ இருக்கிறது" என்று இஞ்சி தட்டிப் போட்ட டீயை ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றினார். கூடவே அலுமினியத் தாளில் சுற்றிய மூலி பராத்தா. காசு கொடுப்பதைப் பற்றி வாயைத் திறக்கவே விடவில்லை.

மின்சார லாரி ஓட்டுவீர்களா என்று கேட்டேன். அவர் விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். சட்டப்படி ஒரு ஓட்டுநர் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். எட்டு மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேர ஓய்வு கட்டாயம். வண்டி நின்றாலும் அந்தப் பதினாலு மணி நேரக் கடிகாரம் நிற்காது. சார்ஜருக்கு இரண்டு மணி நேரம் போனால், அது அவர் கூலியிலிருந்து போகிறது. இரண்டாவது, எடை. சரக்கோடு சேர்த்து மொத்தம் 36 டன் வரைதான் அனுமதி. மின்சார லாரிக்கு 900 கிலோ மட்டும் சலுகை. நெடுந்தூரம் போகும் பேட்டரியோ பல டன். "நான் சரக்கு ஏற்றவா, பேட்டரி ஏற்றவா?" என்றார். சாலையே சார்ஜ் கொடுத்தால் என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, "அப்போது சின்ன பேட்டரி போதும், நிற்கவும் வேண்டாம். அப்படி ஒன்று வந்தால் என் மகன் ஓட்டுவான்" என்றார்.

இந்தப் பயணத்தில் என் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது அந்த டீயைக் குடித்த நேரத்தில்தான். தம்பியின் கார் போன்ற வண்டிகள் நாளில் இருபது மணி நேரம் சும்மா நிற்கின்றன. நிற்கும் இடத்தில் வேலை செய்யும் சார்ஜர் இருந்தால் போதும். அவற்றுக்காக நாட்டின் சாலைகளை எல்லாம் உடைத்துச் செம்பைப் புதைக்கத் தேவையில்லை. நிற்க முடியாத வண்டிகள் லாரிகளும் பஸ்களும். இந்தச் சாலை அவற்றுக்கானது.

வாபாஷ் போய்ச் சேர்ந்தபோது நீதிமன்றக் கட்டடத்தை மூடிவிட்டிருந்தார்கள். அதன் கோபுரத்தில்தான் 1880 மார்ச் 31 இரவு, கிளீவ்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பிரஷ் வடிவமைத்த நான்கு வில் விளக்குகளை (இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்பொறி எரியும் ஆர்க் விளக்குகள்) ஏற்றினார்கள். ஊர் முழுவதற்கும் அந்த நான்கு விளக்குகள்தான். உலகில் மின்விளக்கு ஏற்றிய முதல் ஊர் என்று வாபாஷ் சொல்லிக்கொள்கிறது. அந்த விளக்குகளில் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். வெளியே குன்றின்மேல் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. மின்சாரத்தில் பிழைப்பு நடத்திய எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

தவக்கால வெள்ளி என்பதால் பக்கத்து தேவாலயக் கூடத்தில் மீன் விருந்து. 15 டாலருக்குப் பொரித்த மீன், முட்டைக்கோஸ் சாலட், ஆப்பிள் கூழ். தூத்துக்குடிக்காரிக்கு அந்த மீனில் உப்பும் காரமும் போதவில்லை, ஆனால் மாவு மெல்லியதாக, எண்ணெய் குடிக்காமல் அருமையாகப் பொரித்திருந்தார்கள். பரிமாறிய பெண் நாங்கள் வந்த தூரத்தைக் கேட்டதும் உள்ளே போய் மிளகாய்ச் சாறு குப்பியைத் தேடிக் கொண்டுவந்து வைத்தாள். யாருடைய சொந்தக் குப்பியோ, பாதி தீர்ந்திருந்தது. இரவு ஒன்பதரைக்கு லாஃபயெட்.

மார்ச் 14, சனி. மேற்கு லாஃபயெட்

காலையில் மருமகள் முதல் வேலையாக எங்களை நெடுஞ்சாலை 231க்கு அழைத்துப் போனாள். நகரத்தின் ஓரமாகப் போகும் அகலமான கான்கிரீட் சாலை, 52ஆம் எண் சாலையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இதில் கால் மைல் தூரத்துக்குப் பர்டியூ ஆய்வாளர்களும் இந்தியானா போக்குவரத்துத் துறையும் சுருள் புதைத்திருக்கிறார்கள். டெட்ராய்டில் நகரத் தெரு. இங்கே லாரிகள் முழு வேகத்தில் போகும் நெடுஞ்சாலை. 2024 ஏப்ரலில் வேலை தொடங்கியது. கம்மின்ஸ் நிறுவனம் ரிசீவர் பொருத்திக் கொடுத்த கனரக மின்சார லாரி, மணிக்கு 65 மைல் வேகத்தில் ஓடும்போதே 190 கிலோவாட் வாங்கியது என்று 2025 டிசம்பரில் அறிவித்தார்கள்.

"அத்தை, இப்போ நாம அதுக்கு மேலதான் போறோம்" என்றாள். நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கான்கிரீட்தான். மற்ற இடத்துக்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு வேலையைச் செய்து முடிப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும், யார் செய்தார்களோ அவர்களைப் பாராட்ட வேண்டும்.

மதியம் டிரிபிள் எக்ஸ் என்ற பழைய உணவகம். 1929இலிருந்து இருக்கிறதாம். தம்பி இந்தியானாவின் பெயர்போன பன்றி இறைச்சி சாண்ட்விச்சை வாங்கினான். ரொட்டிக்கு வெளியே நான்கு பக்கமும் இறைச்சி நீட்டிக்கொண்டிருந்தது. நான் ரூட் பியர் குடித்துப் பார்த்தேன். நன்னாரி சர்பத்தில் சோடா ஊற்றிக் கொஞ்சம் மருந்து வாசனை சேர்த்தது போல் இருந்தது, முழுக் கோப்பையையும் குடித்துவிட்டேன்.

காகிதக் கைக்குட்டையில் மருமகளும் நானும் கணக்குப் போட்டோம். 65 மைல் என்றால் விநாடிக்கு 29 மீட்டர். 400 மீட்டரைக் கடக்கச் சுமார் 14 விநாடி. 190 கிலோவாட்டில் 14 விநாடிக்கு ஏறுவது முக்கால் யூனிட். அந்த வேகத்தில் கனரக லாரி கிலோமீட்டருக்கு ஒன்றேகால் யூனிட் அளவுக்குச் செலவழிக்கும் என்று வைத்துக்கொண்டால், அதே 400 மீட்டரில் செலவு அரை யூனிட். ஆக, ஓடிய செலவு போகக் கால் யூனிட் பேட்டரியில் சேர்கிறது. கால் யூனிட் அற்பம் என்று தோன்றலாம். ஆனால் அதன் பொருள், நெடுஞ்சாலையில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்குச் சுருள் இருந்தாலே லாரியின் பேட்டரி இறங்காமல் போய்க்கொண்டே இருக்கலாம் என்பது.

டெட்ராய்டுத் தெருவுக்கும் அதே கணக்கைப் போட்டோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் 400 மீட்டருக்கு 36 விநாடி. காருக்கு 20 கிலோவாட் கிடைப்பதாக வைத்தால் 0.2 யூனிட். கார் ஒரு கிலோமீட்டர் ஓடும். ஒரு முறை போகிறவருக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரே தெருவில் நாள் முழுக்கப் போய்வரும் பஸ்ஸுக்கு, அதுவும் நிறுத்தத்திலும் சிக்னலிலும் சுருள்மேல் நின்று போகும் பஸ்ஸுக்கு, கணக்கே வேறு. தென் கொரியாவின் கூமி நகரில் 2013இல் இதைத்தான் செய்தார்கள். 24 கிலோமீட்டர் வழித்தடம், சாலைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே 17 சென்டிமீட்டர் இடைவெளி, நூற்றுக்கு 85 பங்கு மின்சாரம் பஸ்ஸைச் சேர்ந்தது. வழித்தடத்தில் 5 முதல் 15 சதவீதச் சாலையில் சுருள் புதைத்தால் போதும் என்று காட்டினார்கள். அந்தச் செய்தியை நான் வேலையில் இருந்தபோது படித்திருக்கிறேன். பத்து வருடத்தில் ஊருக்கு ஊர் வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை.

காரணம் பணம். மிச்சிகன் ஆளுநர் விட்மர் 2021இல் டெட்ராய்டு சோதனையை அறிவித்தபோது மாநிலம் ஒதுக்கியது 19 லட்சம் டாலர். சுவீடன் விஸ்பி விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் வழியில் 1.6 கிலோமீட்டருக்குச் சுருள் புதைத்து லாரியும் பஸ்ஸும் ஓட்டிப் பார்த்தது. அதே நாடு, இ20 நெடுஞ்சாலையில் 21 கிலோமீட்டர் மின்சாரச் சாலை போடத் திட்டமிட்டு, வந்த விலைப்புள்ளிகள் மிக அதிகம் என்று 2023இல் நிறுத்திவைத்தது. பிரான்சில் பாரிசுக்குத் தென்மேற்கே ஏ10 நெடுஞ்சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் சோதனை நடக்கிறது. எல்லா இடத்திலும் கால் மைல், ஒரு கிலோமீட்டர், ஒன்றரை. இவற்றைப் பார்த்து, தொழில்நுட்பம் தயாரில்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் நூறு கிலோமீட்டருக்கான செலவை யார் தலையில் வைப்பது என்று எந்த அரசும் இன்னும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

"பேட்டரி விலை இறங்கிக்கிட்டே போகுதே அக்கா, அப்புறம் எதுக்கு இது?" என்று தம்பி கேட்டான். வாகன நிறுவனத்தில் வேலை செய்கிறவன், அவன் கேள்வி நியாயமானது. காரைப் பொறுத்தவரை அவன் பக்கம்தான் நானும். ஆனால் பேட்டரியின் விலை இறங்கலாம், எடை அந்த வேகத்தில் இறங்காது. லாரிக்காரரின் 36 டன் அப்படியே இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு. கேன்டன்

திரும்பும் வழியில் பனி. லோகன்ஸ்போர்ட்டுக்கு முன்பே பனி தள்ளும் லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டோம். இரும்புத் தகடு சாலையைச் சுரண்டிக்கொண்டு போக, பின்னாலிருந்து உப்பு கொட்டிக்கொண்டே வந்தது. தகடு கான்கிரீட்டில் உரசி எழுப்பிய சத்தம் கண்ணாடி மூடிய காருக்குள்ளும் கேட்டது. குளிர்காலம் முழுக்க இந்தச் சாலைகள் அந்தச் சுரண்டலையும் உப்பையும் தாங்குகின்றன. ஃபோர்ட் வேனில் ஒரே தடவை நின்றோம், இன்று வரிசை இல்லை, எல்லாச் சார்ஜரும் வேலை செய்தன. வெள்ளிக்கிழமை இதே தூரத்துக்குப் பட்ட பாட்டை மருமகள் நம்பவே மறுத்தாள்.

இரவு தம்பி மனைவி தோசை சுட்டாள். தேங்காய்ச் சட்னிக்கு உறைந்த தேங்காய்த் துருவல், பரவாயில்லை. சாப்பாட்டு மேசையில் வாதம் தொடர்ந்தது. கார், லாரி எல்லாம் சேர்ந்து கட்டணம் கட்டினால்தான் நெடுஞ்சாலைச் செலவு மீளும், அதனால் எல்லா வண்டிக்கும் ரிசீவர் வர வேண்டும் என்கிறாள் மருமகள். அவளுக்குப் பத்தொன்பது வயது, அவள் அப்படித்தான் நினைக்க வேண்டும். நான் என் இடத்திலேயே நிற்கிறேன். பஸ் நிறுத்தங்கள், துறைமுக வாசல்கள், லாரிகள் வரிசைகட்டி ஊர்ந்து போகும் ஏற்றங்கள், இவற்றில் முதலில் போடட்டும். அங்கே வண்டி எண்ணிக்கை உறுதி, வழி உறுதி, ரிசீவர் வாங்குகிறவர் யார் என்பதும் உறுதி.

எங்கள் இருவருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள், விடுமுறை முடிந்ததும் பேராசிரியரிடம் கேட்பதாக. நல்ல பராமரிப்பில் டிரான்ஸ்பார்மர் சுருள் முப்பது வருடம் உழைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எண்ணெய்க்குள் குளிர்ந்து, அசையாமல் இருக்கும் சுருள். தார்ச் சாலையின் மேல்தோலைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுவார்கள். கான்கிரீட் அதைவிட நீண்ட காலம் நிற்கும், ஆனால் விரிசல் விட்டால் பலகையோடு பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். நாளுக்கு ஆயிரக்கணக்கில் லாரி ஏறும் பலகைக்குள் இருக்கும் சுருளில் இன்சுலேஷன் போனால், சாலையை மூடாமல் அதை எப்படி மாற்றுவார்கள்? மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்துச் சுருள்கள் அதுவரை வேலை செய்யுமா? இந்த மூன்றையும் வரிசைப்படுத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.